லிஸ்டர் கைவிட்ட தெளிப்பான்

மருத்துவமனைப் படுக்கைகளின் அருகிலும் வார்டுகளின் வாசலிலும் இப்போது தவறாமல் காணக்கூடிய பொருள் ஒன்று உண்டு: கழுத்தில் பம்ப் பொருத்திய சிறு சானிடைசர் பாட்டில். அதன் தலையை ஒருமுறை அழுத்தினால் உள்ளங்கையில் அளவாகக் கிருமிநாசினி விழுகிறது. உள்ளே இருப்பது மிக எளிய இயந்திரம். அழுத்தும்போது ஒரு தண்டு கீழிறங்கி, சிறு அறையிலுள்ள திரவத்தை வெளியே தள்ளுகிறது. கையை எடுத்ததும் சுருள்வில் தண்டை மேலே தூக்குகிறது. அடியிலுள்ள சிறு குண்டு விலகி வழிவிட, குழாய் வழியாகத் திரவம் ஏறி அறையை மீண்டும் நிரப்புகிறது. கண்டுபிடித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவ்வளவு சாதாரணப் பொருள்.

ஆனால், கையால் அழுத்திக் கிருமிநாசினியை வெளியேற்றும் கருவி மருத்துவ உலகில் நுழைந்த கதை சாதாரணமானதன்று. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர், இந்தப் பாட்டிலுக்கு ஒன்றுவிட்ட பாட்டன் முறையாகும் ஒரு கருவி ஐரோப்பாவின் அறுவைக்கூடங்களை ஆண்டது. ரப்பர் குமிழைக் கையால் பிழிந்தால் கார்பாலிக் அமிலம் புகைபோல் சீறிவரும் தெளிப்பான் அது. அதைப் பரப்பியவர் ஜோசப் லிஸ்டர். பின்னாளில் அதைக் கைவிட்டவரும் அவரே. அவர் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் என்னை ஈர்ப்பது அவர் கண்டுபிடித்தவற்றைக் காட்டிலும், அந்தக் கைவிடல்தான். அதில் இன்றைய நமக்கும் ஒரு செய்தி இருப்பதாக நான் கருதுகிறேன்.

லிஸ்டர் 1827 ஏப்ரல் 5 அன்று லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் பகுதியிலுள்ள அப்டனில் பிறந்தார். குடும்பம் க்வேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரமற்ற உடை, அடக்கமான பேச்சு, பொய் கலவாத வணிகம் ஆகியவற்றை அறமாகக் கொண்டவர்கள் அவர்கள். தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் மது வணிகர். ஓய்வு நேரத்தில் கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்தவர். நிறப்பிறழ்ச்சி இல்லாமல் பொருள்களைத் தெளிவாகக் காட்டும் நுண்ணோக்கி வில்லைகளை அமைக்கும் முறையை வகுத்ததற்காக, கல்லூரிப் படிப்பு இல்லாத அந்த வணிகரை லண்டன் ராயல் சொசைட்டி 1832-இல் தன் உறுப்பினராக்கியது. கண்ணுக்குத் தெரியாதவை இருக்கின்றன, அவற்றைப் பார்க்கப் பொறுமை வேண்டும் என்பதை மகன் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். அந்த நாளைய அறுவை மருத்துவர்களில் நுண்ணோக்கியோடு வளர்ந்தவர்கள் அரிது.

ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அப்போது பட்டம் வழங்குவதில்லை. ஆகவே, மதச் சோதனை வைக்காத லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் லிஸ்டர் சேர்ந்தார். இடையில் பெரியம்மை கண்டது. அண்ணன் இறந்த துயரமும் சேர்ந்துகொள்ள, மனம் தளர்ந்து சில காலம் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. மீண்டு வந்து 1852-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து சென்று, அக்காலத்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் சைமிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். சில வாரங்களுக்கென்று எடின்பரோ போனவர், குருவின் மகள் ஆக்னஸை 1856-இல் மணந்து அங்கேயே தங்கிவிட்டார். க்வேக்கர் அல்லாத பெண்ணை மணந்ததால் தம் சமயக் குழுவிலிருந்து விலகினார்.

ஆக்னஸ் வெறும் துணைவி மட்டுமல்லர், ஆய்வுக்கூடத் தோழியும்கூட. வீட்டிலேயே நடந்த சோதனைகளில் கணவருக்கு உதவினார். லிஸ்டர் சொல்லச் சொல்ல அவர் எழுதிய குறிப்பேடுகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. தவளையின் கால் நரம்பிலிருந்து பால் புளிப்பது வரை பலவற்றைப் பற்றியும் பக்கம் பக்கமாக நீளும் அந்தக் குறிப்புகளில், வரலாறு பெரும்பாலும் ஒருவருக்கு மட்டுமே எழுதிவைத்த புகழில் இருவரின் உழைப்பு கலந்திருக்கிறது.

1860-இல் லிஸ்டர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் அவருக்கு வார்டுகள் ஒதுக்கப்பட்டன. அன்றைய மருத்துவமனை எப்படி இருந்தது என்பதை இன்று கற்பனை செய்வது கடினம். மயக்க மருந்து 1846-இலேயே வந்துவிட்டது. நோயாளி வலியால் துடிக்காததால், அறுவை மருத்துவர்கள் முன்பைவிட நிதானமாகவும் ஆழமாகவும் கத்தி வைக்க முடிந்தது. ஆனால், அறுவைக்குப் பிறகு புண் அழுகியது. சீழ் பிடித்தது. காய்ச்சல் ஏறி, இரத்தம் நஞ்சாகி நோயாளி இறந்தார். வலி போய்விட்டது, மரணம் போகவில்லை.

குளோரோஃபார்மை மகப்பேற்றில் புகுத்திய ஜேம்ஸ் யங் சிம்சன் 1869-இல் ஒரு கணக்கெடுத்தார். பெரிய மருத்துவமனைகளில் கை, கால் நீக்கப்பட்டவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிராமப்புறங்களில் வீட்டிலேயே அதே சிகிச்சையைப் பெற்றவர்களில் இறந்தவர்கள் 11 விழுக்காட்டினர் மட்டுமே. குணமாக்க வேண்டிய கட்டடமே கொல்கிறது என்பதுதான் அதன் பொருள். மருத்துவமனைகளை இடித்துவிட்டுச் சிறு குடில்களாகக் கட்டலாம் என்பது வரை யோசனைகள் எழுந்தன. கெட்ட காற்றே காரணம் என்று பலர் நம்பினர். இரத்தமும் சீழும் உலர்ந்து விறைத்த பழைய கோட்டு, அறுவை மருத்துவரின் அனுபவத்துக்குச் சான்றாக மதிக்கப்பட்ட காலம் அது. ஒரு பிணத்தை அறுத்த கை, கழுவப்படாமலேயே அடுத்து ஓர் உயிரைத் தொட்டது.

இந்த உண்மையை லிஸ்டருக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டிருந்தார். வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்று வார்டில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரேதப் பரிசோதனை முடித்து வரும் மாணவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று 1847-இல் கட்டளையிட்டார். தாய்மாரின் மரணம் சட்டென்று சரிந்தது. ஆனால், மருத்துவர்களின் கையே மரணத்தைக் கொண்டுவருகிறது என்ற உண்மையை அந்தத் தொழில் ஏற்க விரும்பவில்லை. எதிர்ப்பிலும் கசப்பிலும் மனம் சிதைந்த செம்மல்வைஸ், 1865 ஆகஸ்ட் 13 அன்று வியன்னாவில் ஒரு மனநலக் காப்பகத்தில், தம் உடலிலேயே புரையோடிய புண்ணால் இறந்தார்.

அதற்கு முந்தைய நாள், 1865 ஆகஸ்ட் 12 அன்று, கிளாஸ்கோவில் லிஸ்டரின் வார்டுக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அக்காலத்தில் இத்தகைய முறிவுக்குக் காலை வெட்டி எடுப்பதே வழக்கம். வெட்டாவிட்டால் சீழ் பிடித்து உயிர் போகும், வெட்டினாலும் போகலாம். இரு நகரங்களில், ஒரே நாள் இடைவெளியில், ஒரு கதை முடிந்து இன்னொன்று தொடங்கியது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். அந்த நாளில் செம்மல்வைஸின் பணி லிஸ்டருக்குத் தெரியாது.

லிஸ்டருக்கு வழிகாட்டியது வேறொரு விளக்கு. கிளாஸ்கோவில் அவருடன் பணிபுரிந்த வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரான்சில் லூயி பாஸ்டர் செய்த ஆய்வுகளை அவருக்குச் சுட்டிக்காட்டினார். பால் புளிப்பதும் இறைச்சி கெடுவதும் காற்றால் அல்ல, காற்றிலும் தூசியிலும் மிதந்துவரும் நுண்ணுயிர்களால் என்று பாஸ்டர் நிறுவியிருந்தார். அப்படியானால் புண் அழுகுவதும் அதே காரணத்தால்தானே இருக்க வேண்டும் என்று லிஸ்டர் எண்ணினார். பாஸ்டர் காட்டிய வழிகளுள் கொதிக்கவைப்பதையும் வடிகட்டுவதையும் மனித உடலில் செய்ய முடியாது. எஞ்சியது வேதிப்பொருள். கார்லைல் நகரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள் அது.

சிறுவன் கிரீன்லீஸின் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் லிஸ்டர் மூடினார். நான்கு நாள்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, எதிர்பார்த்த நாற்றம் இல்லை, சீழும் இல்லை. ஆறு வாரங்களுக்குப் பின் எலும்பு கூடி, சிறுவன் இரண்டு கால்களோடும் நடந்து வீடு திரும்பினான். லிஸ்டர் அவசரப்படவில்லை. ஒரே வெற்றியை ஊருக்கு முரசறையவில்லை. 11 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே, 1867-இல் லான்செட் இதழில் தொடர் கட்டுரையாக எழுதினார். அந்த 11 பேரில் ஒன்பது பேர் உறுப்புச் சேதமின்றிப் பிழைத்தனர்; ஒருவர் கால் இழந்தார்; ஒருவர் இறந்தார். இழந்ததையும் இறந்ததையும் அவர் மறைக்கவில்லை.

அவருடைய வார்டின் உறுப்புநீக்கக் கணக்கு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. புதிய முறைக்கு முன்பு 35 பேருக்குச் செய்ததில் 16 பேர் இறந்தனர். புதிய முறைக்குப் பிறகு 40 பேரில் இறந்தவர்கள் ஆறு பேர். 46 விழுக்காடு 15 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் அந்த வார்டு இருந்த இடம் எத்தகையது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1849-இல் காலரா வந்தபோது இறந்தவர்களின் பெட்டிகள் அடுக்கடுக்காகப் புதைக்கப்பட்ட மண், சுவருக்கு அப்பால் சில அங்குல ஆழத்தில் கிடந்தது. கெட்ட காற்றே காரணமென்றால், அந்த வார்டில் எவரும் பிழைத்திருக்கக் கூடாது.

1869-இல் மாமனாரின் இடத்துக்கு லிஸ்டர் எடின்பரோ திரும்பினார். அவ்வாண்டே, ஆட்டுக்குடலிலிருந்து செய்யும் கேட்கட் நூலைக் கிருமிநீக்கி, இரத்தக்குழாயைக் கட்டினால் அது உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் என்று காட்டினார். கரையும் தையல் நூலின் இன்றைய மரபு அங்கிருந்து வளர்ந்ததுதான்.

இங்கேதான் தெளிப்பான் வருகிறது. கிருமிகள் காற்றில் மிதந்து வருகின்றன என்றால், புண்ணைச் சுற்றியுள்ள காற்றையே தூய்மைப்படுத்தினால் என்ன? எண்ணம் தர்க்கரீதியானதே. இயற்பியலாளர் ஜான் டிண்டால் 1870-இல் லண்டனில் நிகழ்த்திய உரையொன்றில், வெறும் காற்றென்று நாம் நினைப்பதில் எவ்வளவு தூசி மிதக்கிறது என்பதை ஒளிக்கற்றை பாய்ச்சிக் காட்டியிருந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர், தோலை மரக்கச் செய்வதற்காக ஈதரைத் தெளிக்கும் கைக்கருவியொன்றை அமைத்திருந்தார். லிஸ்டர் அதை எடுத்துக்கொண்டார்.

அதன் இயக்கம் இன்றும் மாறவில்லை. பழைய வாசனைத் தைலப் பாட்டில்களில் அதைப் பார்த்திருப்போம். ரப்பர் குமிழைப் பிழிந்தால் உள்ளிருக்கும் காற்று ஒருவழி அடைப்பிதழ் வழியாக வெளியேறும். இரண்டாவது குமிழ் அதைத் தேக்கிவைத்து, விட்டுவிட்டு வரும் காற்றைத் தொடர்ச்சியான வீச்சாக்கும். அந்த வீச்சு, திரவத்தில் மூழ்கிய மெல்லிய குழாயின் வாய்க்கு மேலாக விரைந்து செல்கையில் அங்கே அழுத்தம் குறைகிறது. திரவம் தானே மேலேறி, நுண்துளிகளாகச் சிதறுகிறது. அறுவை நடக்கும் நேரமெல்லாம் ஒரு உதவியாளர் நின்று குமிழைப் பிழிந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கைக்கருவி அரண்மனைக்கும் போனது. 1871 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் இருந்த விக்டோரியா அரசியின் இடது அக்குளில் பெரிய சீழ்க்கட்டி வந்தது. லிஸ்டர் அழைக்கப்பட்டார். அவர் கட்டியைக் கீறுகையில், அரண்மனை மருத்துவர் வில்லியம் ஜென்னர் தெளிப்பானைப் பிழிந்துகொண்டிருந்தார். குறி சற்றுத் தவறி, அமிலப் புகை அரசியின் முகத்திலேயே அடித்துவிட்டது. அரசி கடிந்துகொள்ள, தாம் வெறும் துருத்தி ஊதுபவர்தான் என்று ஜென்னர் சமாளித்ததாகச் சொல்வார்கள். மறுநாள் புண்ணில் சீழ் சரியாக வடியவில்லை. லிஸ்டர் சற்று யோசித்து, அந்தத் தெளிப்பானின் ரப்பர் குழாயிலிருந்தே ஒரு துண்டை வெட்டினார். இரவு முழுவதும் கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்தார். அடுத்த நாள் காலை அதைப் புண்ணுக்குள் வடிகுழாயாகப் பொருத்தினார். சீழ் வடிந்தது, அரசி குணமடைந்தார். நாட்டின் மிக உயர்ந்த நோயாளிக்கு உதவ, தம் கருவியையே கத்தரித்துவிட அவர் தயங்கவில்லை. அவர் இயல்பு அந்தச் சிறு செயலிலேயே தெரிந்துவிடுகிறது.

கைக்குமிழ் போதவில்லை. பிழிகிறவரின் கை சோர்ந்துவிடும். ஆகவே அடுத்தடுத்துக் கருவி வளர்ந்தது. முக்காலி மீது நிறுத்தி, நீண்ட பிடியை மேலும் கீழும் அசைத்து இயக்கும் பெரிய இயந்திரம் வந்தது. பின்னர் நீராவியால் இயங்குவது வந்தது. அறுவைக்கூடமே பனிமூட்டம் சூழ்ந்ததுபோல் ஆகிவிடும். மருத்துவர், உதவியாளர், செவிலியர், பார்க்க வந்த மாணவர் என அனைவரும் கார்பாலிக் மணத்தில் நனைந்தனர். விரல்கள் வெளுத்து மரத்தன. சிலருக்குச் சிறுநீர் கறுத்தது. அமிலம் உடலுக்குள் நுழைந்ததன் அடையாளம் அது. ஆனாலும் ஐரோப்பா முழுவதும் தெளிப்பான் பரவிற்று. மியூனிக்கிலும் ஹாலேயிலும் அழுகல் நோய் பிடித்திருந்த வார்டுகள் லிஸ்டரின் முறையால் தூய்மையாயின. 1875-இல் அவர் ஜெர்மனி சென்றபோது வெற்றிவீரரைப்போல் வரவேற்கப்பட்டார். சொந்த நாட்டில்தான் எதிர்ப்பு நீடித்தது. லண்டனின் பிடிவாதத்தை லண்டனிலேயே எதிர்கொள்வதென்று 1877-இல் கிங்ஸ் கல்லூரிக்கு மாறினார். வந்த சில வாரங்களிலேயே, உடைந்த முழங்காற்சில்லை மூட்டைத் திறந்து வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். கிருமி புகுந்தால் காலோ உயிரோ போகக்கூடிய அறுவை அது. நோயாளி பிழைத்தார், லண்டன் மெல்ல மெல்ல மனம் மாறியது.

இப்படிப் புகழ் உச்சத்தில் இருந்த காலத்தில்தான், தெளிப்பானைப் பற்றிய ஐயம் எழுந்தது. 1880 வாக்கில் ஜெர்மானிய மருத்துவர்கள் சிலர் தெளிப்பான் இல்லாமலே அதே முடிவைப் பெறுவதாக எழுதத் தொடங்கினர். ராபர்ட் காஹ் 1881-இல், கார்பாலிக் அமிலம் எல்லா நுண்ணுயிர்களையும் கொல்வதில்லை என்று சோதனையில் காட்டினார். லிஸ்டரும் தாமே பால், சிறுநீர் நிரப்பிய குடுவைகளைக் காற்றுக்குத் திறந்துவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். காற்றில் மிதப்பவை தாம் அஞ்சிய அளவுக்குத் தீயவை அல்ல என்று அவருக்கும் புரியலாயிற்று. பறக்கும் துளி ஒரு கிருமியைத் தொடும் கணநேரத்தில் அதைக் கொல்ல முடியாது. ஆபத்து காற்றில் அதிகம் இல்லை. கையில், கத்தியில், துணியில், நோயாளியின் தோலில் இருக்கிறது.

1887-இல் லிஸ்டர் தெளிப்பானை விட்டுவிட்டார். 1890-இல் பெர்லினில் கூடிய உலக மருத்துவ மாநாட்டில், உலகின் முதன்மை மருத்துவர்கள் அமர்ந்திருந்த அவையில் எழுந்து, காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்வதற்காக அதைத் தாம் பரிந்துரைத்ததை எண்ணி வெட்கப்படுவதாகவே அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 63. சர் பட்டமும் புகழும் பெற்றிருந்தவர். உலகெங்கும் அவர் பெயரோடு ஒட்டியிருந்த ஒரே காட்சிப்பொருள் அந்தத் தெளிப்பான். படங்களில் அவரை வரைந்தவர்கள் அதையும் சேர்த்தே வரைந்தனர். பேசாமல் இருந்திருந்தால், அது தானே மறைந்திருக்கும். யாரும் அவரைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் பேசத் தேர்ந்துகொண்டார்.

தெளிப்பானை விட்டாரே தவிர, கொள்கையை அவர் விடவில்லை என்பதுதான் இதில் முக்கியமானது. கிருமியைப் புண்ணில் நுழையவிடாதே என்பது கொள்கை. கார்பாலிக் புகை அதற்கு ஒரு வழி மட்டுமே. வழி சரியில்லை என்று தெரிந்ததும் வழியை மாற்றினார். கையையும் கருவியையும் தோலையும் தூய்மை செய்வதில் கவனம் திரும்பியது. ஜெர்மனியில் பெர்க்மனும் அவருடைய சீடர்களும் நீராவியால் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் முறையை வளர்த்தனர். அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தார். இன்றைய அறுவைக்கூடம் இவர்கள் அனைவரும் சேர்ந்து கட்டியது.

லிஸ்டர் குறையற்றவர் அல்லர். கிருமியைப் பற்றி உலகுக்குப் போதித்தவரே நெடுங்காலம் அன்றாடக் கோட்டின் கையை மடக்கிவிட்டுக்கொண்டு அறுவை செய்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை விரும்பாதவர்களின் அணியில் அவரும் இருந்தார். ஆனால், அதிகாரத்துக்காகத் தம் கருத்தை வளைத்ததில்லை. விலங்குகள் மீதான ஆய்வை எதிர்த்துக் குரல் கொடுக்குமாறு 1875-இல் விக்டோரியா அரசி கேட்டபோது, பணிவோடும் உறுதியோடும் மறுத்து எழுதினார்.

1892 டிசம்பரில், பாரிஸ் சோர்போனில் பாஸ்டரின் 70-ஆவது பிறந்தநாள் விழா நடந்தபோது, அறுவை மருத்துவம் பாஸ்டருக்குப் பட்ட கடனைச் சொல்ல லிஸ்டர் மேடையேறினார். நோயால் தளர்ந்திருந்த பாஸ்டர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். அடுத்த ஆண்டே இத்தாலியில் பயணத்தின்போது ஆக்னஸ் நிமோனியாவால் இறந்தார். ஆய்வின் பாதி உயிர் அவரோடு போய்விட்டது. அதன் பின்னரும் 1895 முதல் 1900 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். 1897-இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1912 பிப்ரவரி 10 அன்று கென்ட் கடற்கரையிலுள்ள வால்மரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இறுதிச் சடங்கு நடந்தது. மன்னர்களின் அருகில் அடக்கம் செய்யப்படாமல், ஹாம்ப்ஸ்டெட் இடுகாட்டில் மனைவியின் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். உலகமோ அவர் பெயரை ஒரு வாய்கொப்பளிப்பு மருந்தின் பெயரில் நினைவு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1879-இல் உருவான லிஸ்டரின் என்ற அந்தத் திரவம் முதலில் அறுவைக் கிருமிநாசினியாகத்தான் புறப்பட்டது.

இந்தப் பழங்கதையை இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டின் முதல் ஊரடங்கு நாள்களை நினைத்துப்பார்ப்போம். தெருத்தெருவாக லாரிகளில் கிருமிநாசினி பீய்ச்சினோம். உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து அவர்கள் மீதே தெளித்தார்கள். நம் திருப்பூரில் சந்தையின் வாசலில் அமைத்த கிருமிநாசினிச் சுரங்கப்பாதையைப் பார்த்து, பல ஊர்கள் அதே போன்றவற்றை அமைத்தன. மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிப்பது பயனற்றது, தீங்கும் விளைவிக்கக்கூடியது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த ஏப்ரல் மாதமே அறிவுறுத்த வேண்டியதாயிற்று. லிஸ்டர் 130 ஆண்டுகளுக்கு முன் பெர்லினில் வெட்கப்பட்ட அதே எண்ணத்துக்குத்தான் நாம் மறுபடியும் உயிர் கொடுத்தோம். காற்றில் புகையைக் காட்டினால் மனத்துக்கு ஆறுதல். எதையோ செய்கிறோம் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கை கழுவுவது அப்படித் தெரிவதில்லை.

அந்த நாள்களில் எதிலும் சுணக்கம் கூடாது என்ற பதற்றம் எனக்கும் இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் அதற்குப் பின் நடந்ததைப் பற்றியது. உறவினர் ஒருவருக்குத் துணையாக அண்மையில் நான் சில நாள்கள் ஒரு மருத்துவமனை வார்டில் தங்கியிருந்தேன். படுக்கைதோறும் பம்ப் பாட்டில் இருந்தது. அதன் தலையை அழுத்தினால் காற்று மட்டுமே வந்தது. சுவரில் கை கழுவும் ஆறு படிகளின் படம் ஒட்டியிருந்தது. கீழே குழாயில் தண்ணீர் வரவில்லை. வந்துபோன எவரும், நோயாளிகளின் உறவினர்கள் உட்பட, அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நாங்கள் அனைவரும் பாட்டிலைப் பார்த்தே நிம்மதி அடைந்திருந்தோம்.

கருவி கொள்கையின் இடத்தைப் பிடித்துக்கொள்வது இப்படித்தான். பம்ப் பாட்டில் வைத்தாயிற்று என்றால் தூய்மை வந்தாயிற்று என்று ஒரு நிர்வாகம் கணக்கெழுதிவிடும். அந்தப் பாட்டிலில் மருந்து இருக்கிறதா, அது உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் படுகிறதா, காய்வதற்குள் அதை நன்றாகத் தேய்க்கிறார்களா என்பவை கணக்கில் ஏறுவதில்லை. மருத்துவமனையில் பரவும் தொற்றுகள் இன்றும் உயிர்களை வாங்குகின்றன; மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலத்தில் அந்த ஆபத்து கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பவர், வாங்கி வராத நோயால் இறப்பதைவிடக் கொடிய இழப்பு வேறென்ன இருக்கும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வொரு வார்டிலும் பாட்டில்களை நிரப்புவது யாருடைய பொறுப்பு என்று பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். குழாயில் தண்ணீரும் அருகில் சோப்பும் இருக்க வேண்டும். வார்டுவாரியான தொற்றுக் கணக்கை, லிஸ்டர் தம் 35 பேரையும் 40 பேரையும் எழுதிவைத்ததுபோல், நல்லதும் கெட்டதும் மறைக்காமல் வெளியிட வேண்டும். கை சுத்தமா என்று மருத்துவரைக் கேட்பது அவமரியாதை ஆகாது என்று நோயாளிக்கும் சொல்ல வேண்டும்; கேட்கப்படும் மருத்துவரும் அதை அப்படியே ஏற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொது வாழ்வில் பொறுப்பில் இருப்போர் லிஸ்டரிடம் கற்க வேண்டியது அந்தப் பெர்லின் துணிவை. ஒரு திட்டம் பயன் தரவில்லை என்று சான்று சொன்னால், அதைத் தொடங்கியவரே எழுந்து நிறுத்துவதில் குறைவு ஏதும் இல்லை. லிஸ்டரின் தெளிப்பான்கள் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவர் காப்பாற்ற நினைத்த கொள்கையோ, உலகெங்கும் இன்று காலை அறுவைக்கூடத்துக்குள் நுழையும் முன் கை கழுவிக்கொண்ட ஒவ்வொரு மருத்துவரிடமும் செவிலியரிடமும் உயிரோடு இருக்கிறது.